மேல் வரிசையிலிருந்து வந்த பதில்

பிச்சைமுத்து செத்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த அதே வாரம் சனிக்கிழமை சாயங்காலம், ஜெலாப்பாங் மைதானத்தில் அவர் பெயர் கூப்பிடப்பட்டபோது, சிமெண்டுப் படிகளின் மேல் வரிசையிலிருந்து 'இருக்கேன்' என்று பதில் சொன்னார். குரலில் வழக்கம்போலச் சளி கட்டியிருந்தது. அன்று ஸ்ட்ராத்மோர் ரேஞ்சர்ஸ் மூன்று கோல் வாங்கித் தோற்றது. இரண்டில் எது பெரிய செய்தி என்று கேட்டால் ஆதரவாளர்கள் இன்றைக்கும் மூன்றாவது கோலைத்தான் சொல்வார்கள். அது சுத்தமான ஆஃப்சைடு.

ஸ்ட்ராத்மோர் என்பது ஈப்போ நகருக்குத் தெற்கே இருந்த ரப்பர் தோட்டம். இப்போது அங்கே இரட்டை மாடி வீடுகளும், தண்ணீர் வராத ஒரு நீரூற்றும் இருக்கின்றன. ஒரு தோட்டத்தைப் பிரித்து விற்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரு கிராக்கி உண்டு. மரத்துக்கு ஒருவன் வந்தான், மண்ணுக்கு ஒருவன் வந்தான், தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரத்துக்குக்கூட இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் தோற்கிற பந்துக் குழுவைக் கேட்க மட்டும் ஆள் இல்லை. அதனால் அது ஒன்றுதான் முழுசாக மிஞ்சியது. சனங்கள் ஜெலாப்பாங் அடுக்குமாடிகளுக்கும், சிலர் சிலிம் ரிவர் வரைக்கும் சிதறிப் போனார்கள். ஆட்ட நாளில் மட்டும் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பக் கூடினார்கள். கூடியதும் முதல் வேலை பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதேதான். தொழிற்சாலை பஸ் ஓட்டும் கனகராஜ் கீழ்ப்படியில் நின்று, தாள் எதுவும் இல்லாமல், நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் 'இருக்கேன்' என்பார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் உருமி மேளம் முழங்கும்.

பிச்சைமுத்துவின் பெயரை கனகராஜ் நாக்குப் பழக்கத்தில்தான் கூப்பிட்டார். பதில் வந்ததும் படியிலிருந்து இறங்கிப் புல்லில் நின்றுகொண்டார். ஆனாலும் வரிசை குலையாமல் அடுத்த பெயருக்குப் போனார். அதன் பிறகு செத்தவர்கள் யார் பெயரையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை, அவர்களும் விடவில்லை. உயிரோடு இருப்பவர்களைவிட ஒழுங்காக வந்தார்கள். கோல்காவலனின் தாயார் துளசியக்கா ஆட்டம் தொடங்குமுன் வறுத்த கச்சான் கடலைப் பொட்டலங்களை மேல் வரிசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவார். இடைவேளைக்குள் தொலி மட்டும் மிஞ்சும். நடுவர் தப்பு செய்தால் மேலிருந்து அவருடைய பிறப்பைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் கேட்கும். வெளியூர்க் குழுக்களின் ஆட்கள் எதிர்ப்பக்கம் வெயிலில் போய் நின்றுகொண்டார்கள். ரேஞ்சர்ஸ்காரர்களுக்கும் முதுகு சில்லிட்டுத்தான் இருந்தது. ஆனால் முதுகு சில்லிட ஆட்டம் பார்ப்பது அவர்களுக்குப் புதிதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஐயாவு என்று ஒருவன் இருந்தான். கார் கழுவும் கடையில் வேலை. லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பன் ஓடிப்போக, ஆத்தாள் சீக்கில் கிடக்க, பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை, ஐசி இல்லாததால் பள்ளிக்கூடம், வங்கி, கல்யாணப் பதிவு எதுவும் இல்லை. எந்த அலுவலக முகப்பிலும் எவரும் அவன் பெயரைக் கூப்பிட்டது கிடையாது. முதலாளிக்கு அவன் 'டேய்', கார்க்காரர்களுக்கு 'பாஸ்'. போலீஸ்காரரைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பான், நாய்கூட அப்படி மாறாது. ஒரு சனிக்கிழமை வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவனை கனகராஜ், "யாருடா நீ, எந்த லயம்? உள்ள வா லா, வெளிய நின்னா கொசுதான் கடிக்கும்" என்று அழைத்து, பெயர் கேட்டு, அன்றைக்கே பெரட்டில் கூப்பிட்டார். 'இருக்கேன்' என்று அவன் சொன்னது பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்கவில்லை. ரேஞ்சர்ஸ் தோற்றது. ஐயாவு ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு நடந்தான். அதன் பிறகு ஒரு ஆட்டம் விடவில்லை. கொடி பிடிப்பது அவன், சட்டைகளைத் துவைத்துக் காயவைப்பது அவன், தோற்றுப் போய் அழும் கோல்காவலனுக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுப்பதும் அவன். 'நம்ம ஐயாவு' என்று ஆனான். முகப்புக்காரர்கள் தராததை மொத்தமாகவே கொடுத்துவிட்டார்கள் மைதானத்தில்.

அப்படிப்பட்டவன், பத்து காஜா ஊர்க் குழு ஆட வந்த அன்றைக்குப் பெரட்டுக்கு வரவில்லை. கனகராஜ் கவனிக்காமல் பெயரைக் கூப்பிட்டார். 'இருக்கேன்' என்றது ஐயாவின் குரல். மேல் வரிசையிலிருந்து.

எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. வெயிலில் காய்ந்த சிமெண்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. உருமிக்காரரின் கையிலிருந்து குச்சி விழுந்து படிபடியாக உருண்டு இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. துளசியக்கா கச்சான் கூடையைக் கீழே வைத்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டு அழுதார். யாரோ கைபேசியில் ஆஸ்பத்திரிக்குப் பேசினார்கள். ஐயாவு என்று ஒரு பிரேதம் வந்ததா என்று கேட்க, ஐசி நம்பர் சொல்லுங்கள் என்றார்கள். நம்பர் இல்லாதவன் செத்தானா என்று விசாரிக்க வழி இல்லை. மேல் வரிசையையே கேட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். யார் போய்க் கேட்பது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

இரண்டாம் பாதியில் ஐயாவு வந்தான், பின்வாசல் வழியாக, முழங்கால் வரை சேறு. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அவனுக்கு வழிவிட்டு யாருக்கும் பழக்கமில்லை. அதனால் அவனும் பயந்துபோய் நின்றான்.

"என்னாக்கா, ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? கோல் போட்டுட்டானுங்களா?"

"எங்கடா போன நீ?" என்றார் துளசியக்கா.

"ரோட் பிளாக்குக்கா. போலீசு ஐசி கேட்டுக்கிட்டு நின்னாங்க. பாலத்துக்கடியில கால்வாய்ல படுத்துட்டேன். மேல ஒரு லாரி பிரேக் அடிச்சிச்சு, அவ்ளோதான் தெரியும்."

"அவ்ளோதான் தெரியுமா?"

உண்மையில் ஐயாவுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னார்கள். அவன் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி ஓடுகிறதா கை நடுங்குகிறதா என்று பிரிக்க முடியவில்லை. கச்சான் கொடுத்துப் பார்த்தார்கள், தின்றான். ஆனால் மேல் வரிசையும் தின்கிறதே. துளசியக்கா கண்ணை மூடிக்கொண்டு பளீரென்று ஒரு அறை விட்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"அது செல்லாது லா," என்றார் உருமிக்காரர். "பிச்சைமுத்து அண்ணே போன ஆட்டத்துல முட்டி வலிக்குதுன்னு முனகிக்கிட்டே இருந்தாரு, நானே கேட்டேன்."

பிறந்ததற்கே தாள் காட்ட முடியாதவன், சாகவில்லை என்பதற்கு எங்கே போய்த் தாள் வாங்குவான்? கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆள் இன்னும் சாகவில்லை, ஆனால் மேலே இடம் போட்டாகிவிட்டது, அடுத்த தடவை கூப்பிட்டால் போய்விடுவான். ஆகவே ஐயாவின் பெயரை இனிமேல் கூப்பிடுவதில்லை. அன்பினால் எடுத்த முடிவுதான். கனகராஜ் அதைச் சொல்லும்போது அவன் தோளில் கைவைக்க நீட்டி, பாதியில் எடுத்துக்கொண்டார்.

பெயர் கூப்பிடாத முதல் வாரம் ஐயாவுக்கு பஸ் நிற்கவில்லை. கையைக் காட்டினான், ஓட்டுநர் அவனைத் தாண்டி மரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்து, பேரங்காடியின் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. பின்னால் வந்த பூனைக்குத் திறந்தது. அவன் மெழுகு போட்டுத் துடைத்த கறுப்புக் காரின் கதவில் எதிர்ச்சுவர் தெரிந்தது, சுவருக்கு முன்னால் நின்றவன் தெரியவில்லை. மழையில் நின்றால் மழை அவன் வழியாகப் போய்த் தரையை நனைத்தது. பெரட்டு நேரத்தில் அவன் கீழ்ப்படியில் கொடியோடு நிற்பான். பெயர்கள் வரிசையாக வரும், அவன் பெயர் இருந்த இடத்தில் கனகராஜ் ஒரு மூச்சு நிறுத்தி, எச்சில் விழுங்கி, அடுத்ததற்குப் போவார். கொடி தானாக ஆடுவதாகப் பார்த்தவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருநாள் காரின் நம்பர் தட்டைத் துடைக்கும்போது புறங்கையின் வழியாக எண்கள் முழுசாகப் படிக்கக் கிடைத்தன. அன்றைக்கு அவன் வாளியைப் போட்டுவிட்டு, தொழிற்சாலை வாசலில் ஆட்களுக்காகக் காத்திருந்த கனகராஜின் பஸ்ஸில் போய் ஏறினான்.

"அண்ணே."

கனகராஜ் காலி பஸ்ஸை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். முகத்தில் வேர்வை.

"யாரு லா?"

"ஐயாவுண்ணே. நாளைக்கு என் பேரைக் கூப்பிடுங்க."

"போடா. நான் கூப்பிட்டு நீ போய்ச் சேர்ந்தேன்னா? அந்தப் பாவத்த எவன் சுமக்கிறது? பேசாம இரு. உசுரோட இரு."

"எங்கண்ணே உசுரோட இருக்கேன்? நீங்களே யாருன்னு கேக்குறீங்க." இருக்கையின் ரெக்சின் மெல்ல அழுந்தியது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ராத்திரி தூங்கல. ஆனா கூப்பிடாம இருந்தா நான் வெறும் காத்தா போயிருவேன். கூப்பிட்டு செத்தேன்னா, மேல உக்காந்துட்டுப் போறேன். அங்கயும் ரேஞ்சர்ஸ்தானே?"

கனகராஜ் பஸ் கதவை முழுசாகத் திறந்துவிட்டார். ஆட்கள் ஏறினார்கள். ஒருத்தி ஐயாவின் மடியிலேயே உட்கார்ந்து, ஏதோ சில்லென்று இருக்கிறது என்று எழுந்து இடம் மாறினாள்.

மறுநாள் பருவத்தின் கடைசி ஆட்டம்; தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். கனகராஜ் பெரட்டைத் தொடங்கினார். உயிரோடிருந்தவர்கள் சொன்னார்கள், செத்தவர்கள் சொன்னார்கள். வழக்கமாக எச்சில் விழுங்கும் இடம் வந்தது. விழுங்கினார். பிறகு, அவர் ஓட்டுகிற பஸ்ஸின் ஹாரனைப் போல, "ஐயாவு!" என்றார்.

துளசியக்கா காதைப் பொத்திக்கொண்டார். கொடி ஆடவில்லை. ஐயாவின் நாக்கு அசைந்தது, சத்தம் வரவில்லை. கூப்பிட்ட பெயர் மைதானத்தின் மேல் அப்படியே தொங்கியது. அப்போது மேல் வரிசையில் யாரோ மூச்சை உள்ளிழுக்கும் ஒலி, பதில் சொல்லப் போகிற ஒலி, எல்லாருக்கும் கேட்டது.

"இருக்கேன்!"

அது கீழ்ப்படியிலிருந்து வந்தது. உருமித் தோல் அதிர்ந்து தானே ஒரு முறை விம்மியது. கொடிக்கம்புக்குக் கீழே முதலில் இரண்டு கைகள் தெரிந்தன, பிறகு மஞ்சள் சட்டை, பிறகு வேர்வையில் நனைந்து, வாய் கோணி, அழுதுகொண்டிருந்த ஐயாவின் முகம்.

மேல் வரிசையில் இழுத்த மூச்சு இருமலாக மாறியது. சளி கட்டிய குரலில் பிச்சைமுத்து பேசினார். "வாய்ல என்னாடா, கொழுக்கட்டையா? இவ்ளோ நேரம்! நான் மறுபடியும் ஆள் குடுக்க இருந்தேன்."

கனகராஜ்தான் எப்படியோ தைரியத்தைத் திரட்டி, மேலே பார்க்காமல், "ஆள் குடுக்கவா அண்ணே?" என்றார்.

"பின்ன என்னா? அன்னைக்குப் பய லேட்டு. பேரு விழுந்துடக்கூடாதேன்னு அவன் குரல்ல நான் சொன்னேன். தோட்டத்துல நாங்க செய்யாததா? சொந்தக் குரல்ல சொன்னா கணக்கெழுதுற கிராணி புடிச்சிடுவான், அதான் குரலை மாத்துறது. இதுகூடத் தெரியாம பயலைப் பெரட்டுலேர்ந்தே எடுத்துட்டீங்களே, ஃபிளாட்டுல வளந்த பசங்களா! சரி, ஆட்டத்தைப் பாருங்க."

தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்திய கூட்டாளிக்காக அவன் குரலில் பதில் சொல்லி, அவனுடைய அன்றைய கூலியைக் காப்பாற்றுவது வழக்கம்தான். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் மேல் வரிசைக்குப் போய்விட்டிருந்தார்கள், கீழே இருந்தவர்கள் அதைச் சாவு என்று எடுத்துக்கொண்டார்கள். துளசியக்கா ஐயாவைப் பிடித்து இன்னொரு அறை விட்டு, பிறகு கட்டிக்கொண்டார்.

ரேஞ்சர்ஸ் அன்று கடைசி நிமிஷ பெனால்டியில் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அங்கேயும் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஐயாவின் ஐசி விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. பஸ் நிற்கிறது, கதவு திறக்கிறது, போலீஸ்காரரைக் கண்டால் இன்னும் எதிர்ச்சாரிக்குத்தான் மாறுகிறான். ஒவ்வொரு பெரட்டிலும் தன் பெயர் வரும்வரை அவனுக்கு உள்ளங்கை வேர்க்கும். வந்ததும், முடியுமுன்பே, மைதானத்துக்கு வெளியே கேட்கும்படி பதில் சொல்லிவிடுவான். கீழ்ப்பிரிவின் முதல் ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்து போன பிறகு சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டே கனகராஜிடம் கேட்டான்:

"அண்ணே, நெசமாவே செத்துட்டேன்னா?"

"செத்தா மட்டும் லீவா?" என்றார் கனகராஜ், பஸ் சாவியைத் தேடியபடி. "சனிக்கிழமை பெரட்டுக்கு நேரத்தோட வந்து சேரு."