பலகையின் வெள்ளைக் கட்டம்

தம்பி ஸ்டூடியோவுக்குள் வந்தபோது அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் நேராக அவள் மேஜைக்கு வந்து நின்றான்.

"ஒரு வார்த்தை சொல்லு. நான் பொய் சொல்றவனா?"

"சின்ன வயசுல மூட்டை மூட்டையா சொல்லியிருக்கே. இப்ப எதைக் கேக்குற?"

அவன் சிரிக்கவில்லை. கடலுக்கடியில் படம் எடுப்பது அவன் தொழில். மூன்று மாதங்களுக்கு முன், உலகமே பெயர் சொல்லும் ஒரு பவளப்பாறையில் பதினோரு நாள் மூழ்கி எடுத்த படத்தை அக்கா வேலை பார்க்கும் ஸ்டூடியோவுக்கு விற்றான். விற்றுவிட்டு வேறொரு கடலுக்குப் போனவன் போன வாரம்தான் திரும்பியிருந்தான். அதற்குள் அந்தப் படம் மெய்நிகர் பயணமாகிவிட்டது. சுழலும் நாற்காலி, கண்ணை மூடும் கருவி, முகத்தில் காற்றடிக்க ஒரு மின்விசிறி, பன்னிரண்டு நிமிடம். நனையாமல் கடலுக்குள் போய் வரலாம். பெரிய வணிக வளாகத்தின் நான்காவது மாடியில் ஒரு மாதமாகக் கூட்டம் வரிசை கட்டி நிற்கிறது. படத்துக்கு நிறம் திருத்தியது அக்கா.

"இந்தப் பருவத்துல அந்தப் பாறை மேல சுற்றுலாப் படகு நங்கூரம் போடக் கூடாதுன்னு மனு கொடுத்திருந்தேன்ல? இன்னைக்கு விசாரணை. பாறை வெளுத்துக் கிடக்குன்னு சொன்னேன். படகுக்காரங்க வக்கீல் உங்க ஷோவோட விளம்பரத்தைப் போட்டுக் காட்டுறார். 'நீங்க எடுத்த படம், கடைசியில உங்க பேரே ஓடுது. பாறை கல்யாண வீடு மாதிரி இருக்கே சார்'ங்கிறார். நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சேன். திருடாமலே."

அக்கா டப்பாவை மூடிவைத்தாள்.

"நான் எடுத்தது வெள்ளைப் பாறைக்கா. எலும்பு மாதிரி. நீ அதுக்கு லிப்ஸ்டிக் போட்டு அனுப்பியிருக்கே."

"வெளிச்சம் ஏறி எரிஞ்சுபோன படம்னு நினைச்சேன்டா."

அவள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. இந்த ஸ்டூடியோவுக்கு வருமுன் பதினேழு வருடம் கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்தியவள். விளக்கு அதிகமாகி மணப்பெண்ணின் முகம் வெளுத்திருந்தால் ரத்தம் ஊட்டுவது அவள் வேலை. திரையில் வெள்ளையைக் கண்டால் கை தானாகவே ரோஸைத் தேடும். பாறைக்கும் அப்படித்தான் செய்தாள். எந்த ரோஸ், எந்த ஊதா என்பதற்கு ஒரு பழைய சுற்றுலாச் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

"பலகை காட்டினேனே! ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி."

"எந்தப் பலகை?"

தண்ணீருக்குள் ஆழம் போகப் போகச் சிவப்புதான் முதலில் காணாமல் போகும். பிறகு எல்லாமே நீலம். அதனால் மூழ்கிப் படமெடுப்பவர்கள் ஆறு நிறக் கட்டங்கள் போட்ட ஒரு பலகையைக் கேமரா முன் சில நொடி பிடிப்பார்கள். திருத்தும்போது பலகையின் வெள்ளைக் கட்டம் வெள்ளையாகத் தெரியும்படி வைத்தால், மற்றதெல்லாம் தன் உண்மை நிறத்துக்கு வந்துவிடும்.

படத்தை வெட்டித் தொகுக்கும் பெண் பக்கத்து மேஜையிலிருந்து தலை தூக்கினாள். "அதுவா? கையும் பலகையுமா அசிங்கமா இருந்துச்சு. முன்னாடி பத்து நொடி எல்லாத்தையும் வெட்டிட்டேன். எப்பவும் அப்படித்தானேக்கா வெட்டுவோம்? நீங்களும் கேக்கலையே."

கேட்கவில்லைதான்.

அக்கா மூலப்படத்தைத் தேடி எடுத்தாள். தம்பியின் கை, கறுப்புக் கையுறை, பலகை. வெள்ளைக் கட்டத்தை வெள்ளையாக்கினாள். பின்னாலிருந்த பாறை மொத்தமும் சுண்ணாம்பாக எழுந்து நின்றது. ஒரு கிளிமீன் மட்டும் பச்சையாகக் குறுக்கே போனது.

"இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள் தொகுக்கும் பெண்.

"இன்னும் இல்ல" என்றான் தம்பி. "சூடு தாங்காம, உள்ளேயே இருந்து சோறு போட்ட பாசியை வெளியே துப்பிட்டுப் பட்டினி கிடக்கு. தொந்தரவு பண்ணாம விட்டா சிலது மீளும். மேலே நங்கூரத்தை இழுத்தா மீளாது. வெள்ளிக்கிழமை மறுபடி விசாரணை, நீயும் வாக்கா."

முதலாளி அறையில் ஷோவை மாற்ற வேண்டும் என்றாள் அக்கா.

"குழந்தைகளைக் கூட்டிட்டு வர்றாங்கம்மா. சுடுகாட்டையா காட்டச் சொல்றே?"

"அப்ப நிறம் நாங்க போட்டதுன்னு ஒரு வரி எழுதுங்க. வாசல்ல 'உள்ளது உள்ளபடி'ன்னு போட்டிருக்கீங்க."

"எழுதினா எவன் வருவான்? வேணும்னா உன் தம்பி பேரைத் தூக்கிடறேன். தீர்ந்துச்சா?"

"பொய்யை விட்டுட்டு ஆளைத் தூக்குறீங்க."

"வெள்ளிக்கிழமை விசாரணைக்குப் போறியாமே. போ. சனிக்கிழமை இந்தப் பக்கம் வராதே."

கடல்வள அலுவலகத்தின் விசாரணை அறையில் ஒரு நீள மேஜையும் சுவரில் ஒரு திரையும் இருந்தன. தம்பி தன் மடிக்கணினியிலிருந்த பிரதியை ஓடவிட்டான். திருத்தாத படம், எல்லாமே நீலம்.

"வெள்ளைன்னீங்க, இது நீலமா இருக்கு. ஷோவுல ரோஸ்" என்றார் வக்கீல். "கம்ப்யூட்டர்ல எந்த நிறமும் போடலாம் மேடம். அன்னைக்குப் பூசினாங்க, இன்னைக்குக் கழுவுறாங்க."

விசாரணை அதிகாரியான பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "அவர் சொல்றதும் நியாயம்தானேம்மா? எதை வெச்சு நான் நம்புறது?"

அக்கா பையிலிருந்து பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கடலுக்குள் போய் வந்த அதே பலகை. ஒரு மூலை உடைந்திருந்தது. திரையிலும் அந்த மூலை உடைந்திருந்தது.

"நீங்களே பிடிச்சுக்கோங்க மேடம். படத்துல இருக்கிற ஆறு கட்டமும் உங்க கையில இருக்கிற மாதிரி ஆகுறவரைக்கும் சொல்லுங்க, நான் திருத்துறேன்."

"சிவப்பு பத்தலை" என்றார் அதிகாரி. சிறிது பொறுத்து, "மஞ்சள் சரி. ம், இப்ப எல்லாம் சரி."

பலகை சரியாக இருந்தது. பாறை வெளுத்திருந்தது.

"இப்ப ஷோவுக்கு நான் போட்ட நிறத்தைப் போடறேன்." வெளுத்த இடங்களையெல்லாம் ரோஸாக்கும் திருத்தம் அது. பாறை பூத்தது. பலகையின் வெள்ளைக் கட்டமும் கூடவே ரோஸாகிவிட்டது.

அதிகாரி கையிலிருந்த கட்டத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "இந்தப் பொய்யைச் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம். தெரியாம செஞ்சேன். தெரிஞ்ச பிறகும் அது ஓடிட்டுதான் இருக்கு."

நேரில் ஆய்வு முடியும்வரை அந்தப் பாறை மேல் எந்தப் படகும் நங்கூரம் போடக் கூடாது என்று உத்தரவானது. ஷோவைப் பற்றிக் கேட்டதற்கு, "அது கடல் இல்லையேம்மா, நான்காவது மாடி. என் அதிகாரத்துல வராது" என்றார் அதிகாரி.

சனிக்கிழமை அக்கா ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனாள். வாசலில் 'உள்ளது உள்ளபடி' விளக்கெழுத்தில் பளபளவென்று எரிந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறந்தது. முதலில் ஒரு குடும்பம் வந்தது.

"என்னா கலர்ப்பா!" என்றார் அப்பா.

"அது நான் போட்ட கலர் சார்" என்றாள் அக்கா. "இந்த வெள்ளைக் கட்டத்தைப் பாருங்க. பாறை இந்த நிறம்."

அவர் பார்த்தார். அவர் மகள் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "மொத்தமுமா?" என்று கேட்டாள்.

காவலாளி வந்தார். "அம்மா, இங்க நிக்கக் கூடாது. மேலிடத்துல திட்டுவாங்க."

"எங்க நிக்கலாம்?"

அவர் யோசித்துவிட்டு, கடையின் எல்லையாகத் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையைக் காட்டினார். "அதுக்கு அந்தப் பக்கம் எங்க பொறுப்பு இல்ல."

அக்கா ஒரு எட்டு எடுத்துவைத்து அந்தப் பக்கம் நின்றாள். கதவு திறந்தது.