கேசட்டில் கத்திய காகம்

ஜெனீவா எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் 1986 ஜூலையில் பீர்க்கன்கரணையில் அந்த ஊர்ப் பெயரை என்னைப் போல வாயில் போட்டு மென்றவள் யாரும் இருந்திருக்க மாட்டாள். எண்ணெய் நாட்டு மந்திரிகள் அங்கே கூடி, எந்த நாடு ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது பேச்சு. எனக்கு அது சோறு.

என் வீட்டுக்காரர் ஹனீஃபா அபுதாபியில் வெல்டர். அபுதாபி என்றால் பளபளப்பான ஊர் இல்லை; அங்கிருந்து நாலு மணி நேரம் மணலுக்குள் போனால் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கேம்ப். போய் மூன்று வருஷம். கடிதம் எழுத அவருக்குக் கை வராது. கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். முதல் கேசட்டிலேயே, "ஜஹீரா, இங்க ஒரு மரம் கெடையாது, ஒரு காக்கா கெடையாது. ராவும் பகலும் ஜெனரேட்டர் சத்தம்தான்" என்று அழாக்குறையாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு வந்த பத்துக் கேசட்டிலும் அவர் குரலுக்குப் பின்னால் அந்த ஜெனரேட்டர் கடகடத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அதுவும் பழகிப்போயிற்று.

பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் சார் இங்கிலீஷ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். பனிக்காலத்தில் இருபத்தேழு டாலர் விற்ற பீப்பாய் இப்போது பத்துக்கும் கீழே போய்விட்டது என்று அவர்தான் காம்பவுண்டுச் சுவர் வழியாகச் சொன்னார்.

"மார்க்கெட்ல டிமாண்ட் இல்லம்மா. எல்லாரும் போட்டி போட்டுண்டு எடுத்துத் தள்ளறா. வாங்கத்தான் ஆள் இல்ல."

"அப்போ கம்மியா எடுத்தா வெல ஏறுமா சார்?"

"பேஷா ஏறும். ஆளுக்கு இவ்வளவுதான்னு கோட்டா போடத்தான் ஜெனீவால கூடியிருக்கா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மனுஷருக்கு அது பொறுக்கவில்லை.

"ஆனா ஒண்ணு. கோட்டா போட்டா இருக்கற கிணத்துலயே பாதியை மூடணும். புதுசா எவன் தோண்டுவான், சொல்லு?"

விலை இறங்கினாலும் என் வீட்டுக்காரர் வேலை போகும். விலையை ஏற்றுகிறேன் என்று கிணற்றை மூடினாலும் அவர் வேலை போகும். தொழுகைப் பாயில் உட்கார்ந்து கையேந்தினால், எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. அந்த மந்திரிகளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு எழுந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஜலால் வந்தான். பல்லாவரத்துப் பையன், ஹனீஃபாவோடு அதே கேம்பில் வேலை. ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டு, "டீ வேணாம்க்கா" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டான். கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் தெருமுனையிலேயே சென்ட் மணப்பார்கள். இவனிடம் வியர்வை வாசனைதான் வந்தது.

கேசட்டைப் போட்டேன். வேலைக்கு ஒரு குறையும் இல்லை, ஓவர்டைம்கூட உண்டு என்று ஹனீஃபா சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே காகம் கத்தியது. அவர் பேசுவது காதில் விழவில்லை. எரிச்சலோடு எழுந்துபோய், "சூ!" என்று விரட்டினேன். சுவரில் காகம் இல்லை. முருங்கை மரத்திலும் இல்லை. திரும்பி வந்து கேசட்டைச் சுற்றி மறுபடி போட்டேன். "ஓவர்டைம்" என்ற சொல்லுக்குப் பின்னால் அதே இடத்தில் அதே காகம் கத்தியது.

மூன்றாம் முறை போட்டபோதுதான் உறைத்தது: ஜெனரேட்டர் சத்தம் இல்லை. அப்படியென்றால் இது கேம்பில் பேசிய கேசட் இல்லை.

பெருங்களத்தூரில் ரயில் பிடித்துப் பல்லாவரம் போனேன். ஜலால் என்னைப் பார்த்ததும் முழித்தான்.

"உங்க கேம்ப்ல எப்போதிலிருந்துடா காக்கா கத்துது?" என்றேன்.

அவன் சட்டென்று அழுதுவிட்டான். "சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிகினாருக்கா. புதுக் கெணறு தோண்ட வேணாம்னு மேலருந்து ஆர்டர். நாப்பது பேர ஒரே நாள்ல ஃபிளைட்ல ஏத்திட்டானுங்க. ரெண்டு மாசமா பம்பாய்ல லாட்ஜ்லதான் கீறோம்."

"வூட்டுக்கு வர்றதுக்கு இன்னா?"

"வெறுங்கையோட எப்டிப் போறதுன்னு அண்ணனுக்கு ஒரே பேஜார். இப்போ ஈராக்குக்கு ஒரு ஏஜென்ட் ஆள் எடுக்கறான். குண்டு விழுந்த எண்ணெய்க் குழாய ஒட்டற வேலை. வெள்ளிக்கிழமை மெடிக்கல். முடிஞ்சா அன்னிக்கே கையெழுத்து."

அங்கே சண்டை நடப்பது எனக்கும் தெரியும். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குண்டு விழாது என்று எந்த ஏஜென்ட் எழுதிக் கொடுப்பான்? ஜலால் மறுநாள் மத்தியானம் பம்பாய் ரயில் ஏறுவதாகச் சொன்னான். காலையில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்றேன்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லித் திட்டினால், அவமானத்தில் அவர் வெள்ளிக்கிழமைக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் ரோஷம் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் சமையல்கட்டுச் சுவரில் மிச்சச் சோற்றை வைத்தேன். நாலைந்து காகங்கள் வந்து ஒன்றையொன்று கூப்பிட ஆரம்பித்தன. டேப் ரெக்கார்டரை ஜன்னலில் வைத்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன்.

"மச்சான், சத்தம் கேக்குதா? நம்ம வூட்டு காக்கா. உங்க கேசட்லயும் ஒண்ணு கத்துச்சு. இங்கயும் கத்தி அங்கயும் கத்துனா விருந்தாளி வராம இருப்பாங்களா? நான் மீன் வாங்கி வைக்கிறேன்."

சிரித்துப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "வந்துடுங்க மச்சான்" என்று சொல்லி அழுதுவிட்டேன். அதை அழிக்காமலே ஜலாலிடம் கொடுத்தனுப்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை வைத்தீஸ்வரன் சார் பேப்பரை ஆட்டிக்கொண்டு சுவருக்கு வந்தார்.

"ஜஹீரா, ஜெனீவால ஒத்துண்டுட்டா! உற்பத்தியைக் குறைக்கப் போறா. வெல ஏறப் போறது!"

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். உறைமேல் பம்பாய் முத்திரை. உள்ளே கேசட்.

அவசரத்தில் இரண்டு முறை தலைகீழாகப் போட்டு, மூன்றாவதில்தான் சரியாக விழுந்தது. முதலில் காகம் கத்தியது. ஜன்னலை அவர் வேண்டுமென்றே திறந்து வைத்திருக்க வேண்டும்.

"ஜஹீரா, மெடிக்கல் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போவல. வர்ற சனிக்கிழமை தாதர் ரயில்ல வர்றேன். யாரும் ஸ்டேஷனுக்கு வராதீங்க. பொட்டி இல்ல, சென்ட் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறுங்கையோடதான் வர்றேன். பரவாயில்லையா?"

எனக்கு வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை. டேப் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு, வைத்தீஸ்வரன் சார் வீடு வரை கேட்கும்படி கத்தினேன்.

"கை ரெண்டும் இருக்கில்ல? அது போதும், வாங்க!"