கேப்டனுக்குப் போட்ட மாலை

கவுன்சில் தேர்தலில் நிற்கிறேன் என்று கிட்டுசாமி கிளம்பினாலும் கிளம்பினார், சாந்திக்கு வீடு வீடாகவே இல்லை. அமெரிக்காவில், சுகர் லேண்ட் நகரை ஒட்டிய சின்ன ஊர் அது. நம்மவர் ஓட்டை மட்டும் நம்பினால் கரை சேர முடியாது. அவருக்காகத் தெருத் தெருவாக அலைந்தவள் பக்கத்து வீட்டு டார்லீன், கறுப்பினப் பெண்மணி. சாந்திக்குக் கீமோ நடந்தபோது வாராவாரம் காரில் கூட்டிப் போய்க் கூடவே உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். புருஷனுக்கு அப்போது ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸாம், ரிலீஸ்!

சனிக்கிழமை ஊரை நிறுவிய நாள் விழா. பார்க் வாசலில் குதிரைமேல் கேப்டன் ஹோல்கம் சிலை. இந்தியன் ஸ்டோரில் சொல்லிவைத்து ஆளுயர ரோஜா மாலை வாங்கி வந்துவிட்டார் கிட்டுசாமி. சிலையைக் கண்டால் மாலை, மாலை போட்டால் போட்டோ. விமானம் ஏறி வந்தும் அந்தப் புத்தி போகவில்லை.

காலையிலேயே சாந்தி சொன்னாள். "ஏனுங்க, அந்தாளு யாருன்னு படிச்சுப் பாத்தீங்களா? மிலிஷியான்னு ஊர்ப்படை, அதுக்குக் கேப்டனா இருந்தப்ப, ஓட்டுப் போட வந்த கறுப்பு விவசாயிங்களச் சுட்டுத் தள்ளியிருக்கான். அந்தப் பேர வச்சே ஸ்டேட் செனட்டுக்குப் போயி, மிச்சம் இருந்தவங்க ஓட்டையும் சட்டம் போட்டுப் பறிச்சிருக்கான். கடைசி வரைக்கும் பதவியிலதான் இருந்தான். அந்தப் படுபாவிக்கு மாலையா?"

"நூத்தம்பது வருஷக் கதை சாந்தி. பழைய ஆளுங்க ஓட்டு வேணுமில்ல? மேயர் வர்றாரு. கம்முனு வந்து நில்லு."

கிட்டுசாமி மாலை போட்டார். சாந்தி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

மாலை போட்ட சேதி கேட்டு மத்தியானம் டார்லீன் வந்தாள். தன் புல்வெளியில் நட்டிருந்த கிட்டுசாமியின் தேர்தல் பலகையைப் பிடுங்கி வந்து, மண்ணோடு வாசலில் போட்டாள். அந்தக் கேப்டன் சுட்டதில் செத்தவர்களில் ஒருவர் தன் பாட்டனுக்குப் பாட்டன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பார்க்குக்குப் போகும்போதெல்லாம் டார்லீன் ஏன் சுற்றுவழியில் போவாள் என்று சாந்திக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷத்தில் தான் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே, பாவி!

கிட்டுசாமி கை கூப்பி ஆங்கிலத்தில் சொன்னார். "டார்லீன், சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல சிலைன்னா மாலை போடுவோம். யாரு என்னன்னு கேக்க மாட்டோம்."

டார்லீனின் முகம் கொஞ்சம் இளகியது. அவளுக்கு நம்ப வேண்டும் போலிருந்தது. சாந்தி சும்மா இருந்தால் போதும், டார்லீன் நாளைக்கும் வருவாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் சாந்தி, அவளும் ஆங்கிலத்திலேயே. "காலையில நான்தான் சொன்னேன். சொல்லிட்டு நானும் பக்கத்துல நின்னு போட்டோவுக்குச் சிரிச்சேன்."

டார்லீன் அவளைப் பார்த்தாள். கிட்டுசாமியைப் பார்த்ததைவிட நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் படியிறங்கினாள்.

"பைத்தியமாடி உனக்கு? பொண்டாட்டியா நீ?" கிட்டுசாமி கத்தினார்.

சாந்தி சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துச் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற? என் மானத்த வாங்காத!"

"உங்க மானம் அந்தக் குதிரைக்காரன் கழுத்துல தொங்குது. அறுத்துட்டு வரேன்."

அவள் பார்க்கை நோக்கி நடந்தாள். பாதித் தெரு போனதும் பின்னால் காலடி கேட்டது. டார்லீன்தான். பக்கத்தில் வரவில்லை. ஆனால் தெருமுனை வந்ததும் சுற்றுவழிக்குத் திரும்பாமல், சிலை இருக்கும் பக்கமாகவே நேராக நடந்தாள்.