பசுமை வளையம்

என் வீட்டுக்காரர் மாடல் செய்கிறவர். பாலமோ பள்ளிக்கூடமோ, தெர்மாகோலில் வெட்டி ஒட்டி மேசைமேல் நிறுத்திவிடுவார். "முடியாது" என்று சொல்ல மட்டும் வாய் வராது. வாயில்லாப் பூச்சி.

எங்கள் ஊருக்கு வரப்போகிற அணுமின் நிலையத்து விளம்பர அதிகாரி அப்படித்தான் எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்தார். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். "புகை கிடையாது, சாம்பல் கிடையாது. ரெண்டாயிரம் பேருக்கு வேலை. மாடலப் பாத்ததும் ஜனங்க சரின்னு சொல்லிடணும்" என்றார்.

எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்? இப்போதிருக்கும் நிலக்கரி மின்நிலையம் துப்புகிற கரியில், காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். என் தம்பி டிப்ளமா முடித்து ரெண்டு வருஷமாக ஈ ஓட்டுகிறான்.

இவர் இருபது நாள் சோறு தண்ணி மறந்து செய்தார். வரைபடத்தின்படி எங்கள் தெரு நிலையத்து வேலிக்குள் வந்தது. நாற்பத்தொரு வீட்டையும் பட்டாணி அளவில் வைத்தார். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூட விடவில்லை.

அதிகாரி வந்து பார்த்தார்.

"இது என்னய்யா குப்பை? எடுத்துட்டுப் புல்லு போடு. பசுமை வளையம்."

"சார், அங்கதான் நாங்க குடியிருக்கோம்..."

"ஃபைல்ல தரிசுன்னு இருக்கே. ஃபைல் பொய் சொல்லுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரிசென்று முடிவானால் மாற்று வீடு கிடையாது. இல்லாத வீட்டுக்கு எவன் மாற்று தருவான்?

"அப்போ தரிசுல உக்காந்துதான் காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மிச்சக் காப்பியையும் உறிஞ்சிவிட்டுக் கிளம்பினார். இவர் பச்சை விரிப்பை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். நான் ரெண்டு நாள் இவரோடு பேசவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தலைநகரத்திலிருந்து ஒரு மேலதிகாரி அம்மா வந்திருந்தார். விளம்பர அதிகாரி மாடலைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "சுத்தமான காத்து, மலிவான கரண்டு. முக்கியமா, ஒரு குடும்பம்கூட எடம் மாற வேண்டியதில்ல. பாருங்க, வெறும் புல்லு."

பின்வரிசையில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. நான் விறுவிறுவென்று முன்னால் போனேன். புல் மட்டும் ஏனோ ஒரு விரல்கடை மேடாக இருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்தேன்.

"ஏய், மெதுவா! கூரை பிஞ்சிடும்" என்று பின்னாலிருந்து இவர் குரல்.

உரித்தேன். உள்ளே எங்கள் தெரு, ஒரு வீடு குறையாமல். பாவி மனுஷன், ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை! நான்தான் ரெண்டு நாள் பேசாமல் கிடந்திருக்கிறேன்.

மேலதிகாரி குனிந்து பார்த்தார். "இங்க ஆளுங்க இருக்காங்களா?"

"எங்க வீட்டுல காப்பி குடிச்சாரே, அவரையே கேளுங்கம்மா" என்றேன்.

அதிகாரியின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. மேலதிகாரி ஃபைலைத் திறந்து, தரிசு என்ற சொல்லை அடித்துவிட்டு, "எத்தன வீடு?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"நாப்பத்தொண்ணுங்க. தண்ணித் தொட்டி வெச்சது எங்களுது."