வலது பொத்தானுக்குப் பத்து லட்சம்

எங்கள் கம்பெனியில் எல்லோரும் கணினி மவுஸ் செய்கிறார்கள். நான் அதை உடைக்கிறேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேசை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போடுவேன். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஐயாயிரம் தடவை தேய்ப்பேன். ரப்பர் விரல் வைத்த இயந்திரத்தில் மாட்டி, நாள் கணக்கில் தட்டவிடுவேன். ஆபீசில் எனக்குத் 'தேய்மானம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

சொல்லிவிட்டுப் போகட்டும். பதினைந்து வருடத்தில் என் கையெழுத்தோடு வெளியே போன எந்த மவுஸும் எங்கள் முகத்தில் கரி பூசியதில்லை. என் அறிக்கையின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. குறை இருந்தால் எழுதுவேன், இல்லாவிட்டால் காலியாக விடுவேன். பாராட்டி எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது.

அந்த மாதம் என் மேசைக்கு வந்தது என் தங்கை வடிவமைத்த மவுஸ். அவளும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறாள், மாடியில், வடிவமைப்புப் பிரிவில். இரண்டு வருடமாக இதே நினைப்பாக இருந்தாள். சாப்பிடும்போதுகூட டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நானே பயந்திருக்கிறேன்.

மவுஸ் அழகாகத்தான் இருந்தது. பெருமையை மறைத்துக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பது போல் முறைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வளைவு. பெட்டியில் பெரிய எழுத்தில் 'இரு கைக்கும்' என்று போட்டிருந்தது. கீழே போட்டேன், தாங்கியது. தேய்த்தேன், மேல்பூச்சு அசையவில்லை. இடது பொத்தானை ஒரு கோடி தடவை தட்டினேன், வலது பொத்தானைப் பத்து லட்சம். இரண்டும் தேறின. திங்கட்கிழமை காலை முதல் லாரி கிளம்புவதாக ஏற்பாடு.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஆசை. நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. "சோத்தாங்கைல எடுடி" என்று அம்மா கையில் அடித்து அடித்து அலுத்துப்போனாள். ஆனால் ஆபீஸ் மவுஸெல்லாம் வலக்கைக்காரர்களுக்காக வளைத்தது. அதனால் பதினைந்து வருடமாக வலக்கையால் பிடித்து, மணிக்கட்டு வலியும் வாங்கியாகிவிட்டது. இதுதான் இரு கைக்குமாயிற்றே! கணினியில் பொத்தான்களின் வேலையை மாற்றி வைத்துக்கொண்டு இடக்கையில் பிடித்தேன். கை அப்படியே உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரலுக்குக் குழி, மோதிரவிரலுக்கு ஒரு சின்ன மேடு. அட, இதுவல்லவா சுகம் என்று வாய்விட்டே சொன்னேன்.

அரை மணி நேரம் வேலை செய்திருப்பேன். காதில் ஏதோ உறுத்தியது. இடது பொத்தான் 'டிக்' என்றது. வலது பொத்தான் 'டொக்' என்றது.

திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் வேறு வேறு சுவிட்ச். வலது பக்கம் இருந்தது மட்டமான சரக்கு. கொள்முதல் பிரிவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அந்த மனிதர் அமைதியாகச் சொன்னார். "மேடம், சோதனைத் தாள்ல வலது பொத்தானுக்குப் பத்து லட்சம் போதும்னு இருக்கு. பத்து லட்சம் தாங்குற சுவிட்சுதான் வாங்கியிருக்கோம்."

"எந்த அறிவாளி அப்படி எழுதினது?"

"கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு மேடம்."

ஆமாம், நான்தான் எழுதினேன், வேலையில் சேர்ந்த புதிதில். வலக்கைக்காரர்கள் வலது பொத்தானை எப்போதாவதுதான் அழுத்துவார்கள். ஆனால் இடக்கையில் பிடித்தால் ஆள்காட்டி விரல் விழுவது வலது பொத்தான் மேல், முழு அடியும் அதற்குத்தான். இடக்கைக்காரியான எனக்கே அது உறைக்கவில்லை. நான் எழுதிய கணக்கில் நானே இல்லை!

அது புதன்கிழமை. வலது பொத்தானை மறுபடி இயந்திரத்தில் மாட்டி, பத்து லட்சத்தோடு நிறுத்தாமல் ஓடவிட்டேன். சனிக்கிழமை மதியம் பதினாலு லட்சத்தில் அது திக்க ஆரம்பித்தது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை என்று சொல்வதைத்தான் நாங்கள் திக்குவது என்போம். ஒரு கோப்பைத் திறக்கப் போனால் இரண்டு திறக்கும். அப்புறம் அந்த மவுஸ் குப்பைக்குத்தான்.

தங்கையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"திங்கட்கிழமை லாரி கிளம்புதுக்கா. இப்ப வந்து சொல்ற?"

"திக்குதுடி. நான் என்ன செய்ய?"

"நீ எழுதின தாளு, நீ வச்ச சோதனை. அதுல பாஸாச்சு. இப்ப நீயே ஃபெயில்ங்கிற. என் பொழப்புல மண்ணைப் போடணும்னே இருக்கியா?"

போனை வைத்துவிட்டாள். எனக்கும் மூக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை மேலாளர் அறையில் மூன்று பேர்: அவர், தங்கை, நான். ஜன்னலுக்குக் கீழே லாரி நின்றது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "சார், தப்பு என்னுது. தாளை எழுதினது நான். கையெழுத்துப் போட மாட்டேன்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு முகம் தெளிந்தது. "இதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை? பெட்டியில இருக்கிற 'இரு கைக்கும்'கிற வரி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். வலக்கைக்காரங்களுக்கு இது அஞ்சு வருஷம் உழைக்கும். லாரி இன்னிக்கே போகட்டும். இல்லேன்னா ரெண்டு மாசம் தள்ளிப்போகும், அதுக்குள்ள மேலிடத்துல இதை நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க." தங்கையைப் பார்த்தார். "உன் மவுஸு. நீயே சொல்லு."

அவள் சரி என்று சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு வருட உழைப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பையைத் திறந்து ஏதோ ஒன்றை மேசையில் வைத்தாள். காய்ந்த களிமண் உருண்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவி பார்த்துக்கொண்டிருந்த என் இடக்கையில் அவள் திணித்தது. "மணிக்கட்டு வலின்னு பொலம்புறல்ல, இதைப் பிடிச்சு அமுக்கு" என்றாள். அமுக்கினேன், பிறகு மறந்தே போனேன். அதில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. கோணலான மோதிரவிரல்கூட.

"சார், இதுலேர்ந்துதான் அளவு எடுத்தேன்" என்றாள். "வலக்கைக்கு இருக்கிற வளைவு இதைத் திருப்பிப் போட்டதுதான். அந்த வரி மேல ஸ்டிக்கர் ஒட்டினா இது என் மவுஸே இல்ல. எங்கக்கா பதினஞ்சு வருஷமா ஊரான் கைக்குச் செஞ்ச மவுஸைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. லாரி போகட்டும் சார், காலியாவே போகட்டும்."

திட்டுவதற்குத்தான் வாய் வந்தது. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா நீ பாஸ் போட்டுருவியோன்னு பயந்தேன்."

"நானா?" என்று சீறினேன். மேலாளர் சிரித்துவிட்டார்.

லாரி காலியாகப் போனது. மேலிடத்தில் மேலாளர் எங்களுக்காக எவ்வளவோ மல்லுக்கட்டியிருக்க வேண்டும், அவர்கள் மவுஸை நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சுவிட்ச் போட்டு மவுஸ் திரும்பி வந்தது. நான் என் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இடது பொத்தான் ஒரு கோடி, வலது பொத்தான் ஒரு கோடி. இயந்திரம் இருபத்துமூன்று நாள் தட்டியது. கடைசி நாள் தங்கையும் மாடியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். எண்காட்டியில் ரப்பர் விரல் அழுத்தியது ஒரு கோடி, மவுஸ் சொன்னது ஒரு கோடி. ஒன்றுகூடத் திக்கவில்லை.

அறிக்கையை எடுத்து, இடக்கையால் கையெழுத்துப் போட்டேன். குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. தங்கை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடப் போன நான், மூடவில்லை. கட்டத்தில் எழுதினேன்: 'இதைச் செய்தவள் என் தங்கை.'

அலுவல் தாளில் இதெல்லாம் எழுதக் கூடாது என்று மேலாளர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். இரண்டு தடவையும் அதையே எழுதிக் கொடுத்தேன்.