மின்விசிறிக்குக் கீழே முதல் நாற்காலி

கடலூரில் தேவநாதன் தலைமையாசிரியராக இருந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மூன்று மாடி, இரண்டு ஆய்வகம், இலவசமாகக் கடல் காற்று எல்லாம் உண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளை போகிற சாலையில், அவருடைய மனைவியின் தம்பி ராஜமாணிக்கம் தலைமையாசிரியராக இருந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு புங்கமரமும் ஓட்டுக் கட்டடமும்தான். மழை பெய்தால் அங்கே தாவரவியல் வகுப்பு எழுந்துபோய் விலங்கியல் வகுப்பில் ஒதுங்கும். அப்படி அதிகமாக ஒதுங்கிய வருஷத்தில் தாவரவியல் வாத்தியாருக்கே விலங்கியல் நன்றாக வந்துவிட்டது. பையன்கள் இரண்டிலும் இருநூறுக்கு இருநூறு வாங்கினார்கள்.

தேவநாதனுக்கு அந்த மழையின் மேல்கூடக் கோபம் இருந்தது.

மாவட்டத் தலைமையாசிரியர் கூட்டத்தில் ஒரு வழக்கம். பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காடு எந்த வரிசையோ அந்த வரிசையில் நாற்காலி. முதல் பள்ளிக்கு முதல் நாற்காலி. அது மின்விசிறிக்கு நேர் கீழே. அந்தக் கூடத்தில் ஓடுகிற மின்விசிறி அது ஒன்றுதான். நடு வரிசைக்காரர்கள் கைக்குட்டையோடு வருவார்கள். கடைசி வரிசைக்காரர்கள் குளிக்கப் போகிறவர்கள் மாதிரி துண்டோடு வருவார்கள். ஐந்து வருஷமாக ராஜமாணிக்கத்துக்கு முதல் நாற்காலி, தேவநாதனுக்கு இரண்டாவது. மச்சானின் தலைமுடி காற்றில் ஆடுவதை ஓரக்கண்ணால் பார்த்தபடியே ஐந்து கூட்டங்களை அவர் ஓட்டியிருந்தார்.

அடுத்த வருஷம் மே மாதம் அவருக்கு ஓய்வு. ஓய்வூதியம், பாராட்டு விழா, சந்தன மாலை எதிலும் அவருக்கு நாட்டமில்லை. ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். மச்சான் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

2009 மே மாத ரிசல்ட் அன்றைக்கும் வழக்கம்போல் முதல் போன் ராஜமாணிக்கத்திடமிருந்துதான் வந்தது.

"மாமா, உங்களுது எவ்ளோ?"

"தொண்ணூத்தி மூணு."

"சூப்பர் மாமா! நம்மளுது தொண்ணூத்தி நாலு. அக்கா கிட்ட குடுங்க."

ஞானாம்பாள் போனை வாங்குவதற்கு முன்னால், காய்ச்சி ஆறின பாலை எடுத்து வந்து புருஷன் பக்கத்து முக்காலியில் வைத்தாள். அனுபவம். தம்பியோடு பேசி முடித்துத் திரும்புவதற்குள், புருஷன் முகத்துப் புளிப்பில் பால் கெட்டித் தயிராகியிருந்தது. மே மாதத்தில் அந்த வீட்டில் உறை மோர் கேட்டு யார் வாசலுக்கும் போனதில்லை.

"எந் தம்பிக்கு மூளை ஜாஸ்திங்க" என்றாள், தயிரை எடுத்துக்கொண்டே.

ஜூன் மாதக் கூட்டத்தில் தேவநாதன் இரண்டாவது நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஐயா, பாஸ் பண்ணது எத்தினி பேருன்னு மட்டும் பாக்கறோம். பாஸ் பண்ணவன் எங்க போனான்? காலேஜுக்குப் போனானா, கடைத்தெருவுல நிக்கிறானா? அத வெச்சு இல்ல பள்ளிக்கூடத்த எட போடணும்?"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த கணக்கு வேறு. கடலூரில் இறங்கின இடமெல்லாம் காலேஜ். கிள்ளைப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கே போகப்போகிறார்கள், இறால் பண்ணைக்குத்தானே?

கூட்டம் நடத்திய கல்வி அதிகாரி தலையாட்டினார். "நல்ல யோசன. நீங்களே செஞ்சிடுங்க சார்." அரசாங்கத்தில் யோசனை சொன்னவன் தலையில்தான் அந்த யோசனை விடியும். "ஆனா அவங்கவங்க ஸ்கூல அவங்களே எண்ணக் கூடாது. மாத்திக்குங்க. ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் யாரு மேல படிக்கச் சேந்தாங்களோ அவங்கதான் கணக்கு. அடுத்த கூட்டத்துல அந்த வரிசையிலதான் நாற்காலி."

அப்படியாக, மச்சான் பள்ளியில் தேறின பிள்ளைகள் வீடுவீடாகத் தேவநாதனும், தேவநாதன் பள்ளிப் பிள்ளைகள் வீடுவீடாக மச்சானும் போவதென்று ஏற்பாடாயிற்று.

தேவநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் கிள்ளைப் பக்கம் போனார். சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தேடி அப்படி ஆசையாக யாரும் அலைந்திருக்க மாட்டார்கள். முதல் வீட்டில் பெண் நர்சிங். இரண்டாம் வீட்டில் பையன் பாலிடெக்னிக். மூன்றாம் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் பி.எஸ்சி. ஒவ்வொரு வீட்டிலும் சந்தோஷமாகக் காபி கொடுத்தார்கள். ஒவ்வொரு காபியும் அவருக்குக் கஷாயமாக இறங்கியது.

ஒரு நாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்தார். நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, எழுப்ப மனமில்லாமல், நோட்டுப் புத்தகத்தால் விசிறிவிட்டார்.

பையன் கண்ணைத் திறந்தான்.

"என்னாப்பா, இப்பிடித்தான் நாள்பூரா படுத்திருப்பியா?" என்றார் பாசமாக.

"இல்ல சார். நாளைக்கு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறேன். அங்க தூங்க உடமாட்டாங்களாம், அதான்."

விசிறின நோட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

ஜூலை 29 அன்று பட்டியலில் ஒரே ஒரு பெயர் பாக்கி. அ. அனுப்பிரியா, த/பெ அந்தோணிசாமி, கிள்ளை. அதற்குள் மச்சான் எண்ணின எண்ணிக்கையும் கைக்கு வந்திருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்தப் பெண் படிக்கச் சேர்ந்திருந்தால் ராஜமாணிக்கத்துக்கு முதல் நாற்காலி. சேராமல் இருந்தால் தேவநாதனுக்கு.

அந்தோணிசாமி வீட்டு வாசலில் ஒரு பெண் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிரியாங்கறது..."

"நான்தான் சார்."

"காலேஜுல..."

"சேரல சார்."

தேவநாதனுக்குக் கால் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. பக்கத்தில் நின்ற கோழி அந்த இடைவெளியில் புகுந்து போயிற்று.

வலை பின்னிக்கொண்டிருந்த அந்தோணிசாமி எழுந்து வந்து அவரை உள்ளே கூட்டிப்போனார். நடுச்சுவரில் இயேசு படம். அதற்குப் பக்கத்தில் அதே அளவு சட்டத்தில், அதே கண்ணாடியில், அனுப்பிரியாவின் மார்க் ஷீட். ஆயிரத்து நாற்பத்தொன்று. அடியில் டி.சி.யையும் சேர்த்து அட்டையில் ஒட்டியிருந்தது. சுற்றிச் சின்ன சீரியல் விளக்கு.

"எங்க தெருவுல இவ்ளோ மார்க்கு யாரும் எடுத்தது இல்ல சார். பக்கத்து ஊர்லேருந்துகூட வந்து பாத்துட்டுப் போறாங்க. காலேஜுக்காரங்களும் வருவாங்கன்னு பாக்கறேன். இன்னும் வர்ல."

"காலேஜுக்காரங்களா?"

"நல்ல மார்க்கு எடுத்தா அவுங்களே தேடி வருவாங்கன்னாங்களே. சுனாமிக்கப்பறம் யாராரோ வந்தாங்க. இவுங்க வரமாட்டாங்களா?"

"அப்பா கெடக்குறாரு சார்" என்றாள் பெண், வாசலிலிருந்தே. "நாமதான் அப்ளிகேசன் போடணும், ஒரிஜினல கழட்டிக் குடுன்னு ஒரு மாசமா சொல்றேன். கழட்டுனா கண்ணாடி ஒடஞ்சிடும், சாமி படத்துக்குப் பக்கத்துல ஒடையக் கூடாதுன்றாரு."

"வருவாங்க, வருவாங்க. அவசரப்படாதீங்க" என்றார் தேவநாதன். காபியைக் குடித்தார். தேன் மாதிரி இருந்தது. நோட்டில் 'மேற்படிப்பு: இல்லை' என்று அழகாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அந்தப் பெண் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி இறாலைக் கையில் எடுத்தாள். தேவநாதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் கடலூரில் வீடு நுழையும்போது ஞானாம்பாள் பல்லெல்லாம் தெரிய நின்றாள்.

"என்னாங்க, சேதி தெரியுமா? உங்க ஸ்கூல் பசங்க ரெண்டு பேரு, தேவனாம்பட்டினத்துப் பசங்க, எங்கியும் சேராம கெடந்தாங்களாம். எண்ண வந்த எந் தம்பி அவன்களக் கூட்டிக்கினு போயி ஐ.டி.ஐ.ல சேத்து உட்டுட்டானாம். தானே வரிசையில நின்னானாம்!"

தேவநாதன் சட்டைப் பொத்தானைக் கழற்றின கையோடு நின்றுவிட்டார்.

அந்த இருவர் சேர்ந்ததால்தான் தன் பள்ளிக் கணக்கு இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. அவர்கள் இல்லையென்றால், கிள்ளைப் பெண் ஆயுசுக்கும் இறால் உரித்தாலும் தனக்கு இரண்டாவது நாற்காலிதான். அப்படியானால் முதல் நாற்காலி? அது மச்சான் போட்ட நாற்காலி. இனி கல்யாணம், காதுகுத்து, கருமாதி எங்கே போனாலும் மச்சான் சிரித்துக்கொண்டே சொல்வான்: 'மாமா ஒக்காந்தாரே, அது நம்ம உபயந்தான்.'

அன்று அடுப்பங்கரையில் இருந்த பால் மட்டுமல்ல, எதிர்வீட்டுப் பட்டம்மாள் வீட்டுப் பாலும் உறைந்தது. அந்த அம்மாள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

"அவன் என் ஸ்கூல் பசங்க ரெண்டு பேரச் சேப்பானா?" என்றார் தேவநாதன். "அவனுக்கு நான் போடறேண்டி நாற்காலி!"

மறுநாள் வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் கிள்ளை போனார். அந்தோணிசாமியிடம் ஒரு மணி நேரம் பேசினார். சட்டத்தைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை.

"காலேஜு வர்லன்னா பரவால்ல சார். மார்க்கு ஒடையக் கூடாது."

"ஒடைக்க வாணாம். அப்பிடியே தூக்கிக்கினு போலாம்."

அந்தோணிசாமி யோசித்தார். "அப்பன்னா சரி. ஆனா படுக்க வெக்கக் கூடாது, நிறுத்தி வெச்சுதான் தூக்கணும்."

அப்படியே தூக்கினார்கள். சிதம்பரம் பஸ்ஸில் தேவநாதன் மடியில் சட்டம், பக்கத்தில் அனுப்பிரியா, பின்னால் கண்ணாடிக்குக் காவலாக அந்தோணிசாமி. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு சட்டத்துக்கு டிக்கெட் கேட்கவில்லை. ஆயிரத்து நாற்பத்தொன்று என்று படித்ததும் தன் சீட்டையே விட்டுக் கொடுத்தார். வழியெல்லாம் தேவநாதனுக்கு எதிரே கண்ணாடியில் தன் முகம். முகத்துக்கு நடுவில், சரியாக மூக்கின்மேல், மச்சான் பள்ளியின் முத்திரை. திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்றால், நிறுத்தித்தான் வைக்கணும் என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அரசு கலைக் கல்லூரியில் சேர்க்கை மறுநாளோடு முடிகிறது. கணிதத்தில் ஒரே ஓர் இடம் பாக்கி. எழுத்தர் பக்கிரி தலை நிமிர்ந்தார்.

"ஒரிஜினல் கேட்டா சுவத்தையே பேத்துக்கினு வந்துட்டீங்களா?"

"பாத்துக்குங்க. ஒரிஜினல்தான்."

"ஜெராக்ஸ் வேணுமே."

ஜெராக்ஸ் கடையில் மூடி மூடவில்லை. நாலு பேர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். வந்த நகலில் மார்க்குகள் தெளிவாக இருந்தன. ஓரத்தில், எட்டிப் பார்த்த தேவநாதனின் பாதி முகமும் விழுந்திருந்தது. பக்கிரி அதையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

"சார் பொண்ணுக்கு என்ன வேணும்?"

"வேற ஸ்கூல் எச்.எம்."

"வேற ஸ்கூலா?" பக்கிரி பேனாவைக் கீழே வைத்தார். "முப்பது வருச சர்வீஸ்ல இப்பிடி ஒரு எச்.எம்.மைப் பாத்ததில்ல சார்."

அனுப்பிரியா கையெழுத்துப் போட்டாள். நோட்டில் இரண்டு கோடு போட்ட 'இல்லை'யைத் தேவநாதன் பேனாவால் கிழிகிற அளவுக்கு அடித்தார்.

ஆகஸ்டு மாதக் கூட்டம். மின்விசிறிக்குக் கீழே முதல் நாற்காலியில் ராஜமாணிக்கம். முடி ஆடிற்று. இரண்டாவதில் தேவநாதன், வாழ்க்கையில் முதல் தடவையாகப் புன்சிரிப்போடு. டீ கொடுக்கும்போது மச்சான் காதில் போட வேண்டிய வாக்கியத்தை ஒரு வாரமாகப் பாடம் பண்ணி வைத்திருந்தார்: 'மச்சான், நீ ஒக்காந்திருக்கறது நம்ம உபயம்.'

டீ வருவதற்கு முன்னால் ராஜமாணிக்கம் எழுந்துவிட்டான்.

"ஐயா, ஒரு வார்த்த. இந்த மொத எடம் என்னுது இல்ல. எங்க ஸ்கூல் புள்ள ஒண்ணு கிள்ளையில கெடந்துது. அது கெடக்கறதே எனக்குத் தெரியாது. என் தப்புதான். அந்தப் புள்ளயே வந்து சொல்லித்தான் தெரியும். எங்க மாமாதான் வூட்டுக்குப் போயி, சுவத்துல மாட்டியிருந்த மார்க் ஷீட்ட மடியில வெச்சுத் தூக்கியாந்து சேத்து உட்டிருக்காரு. தன் ஸ்கூல் எறங்குதுன்னு தெரிஞ்சும் செஞ்சிருக்காரு. இப்பிடி ஒரு மாமா யாருக்குக் கெடைப்பாங்க?"

கூடம் கைதட்டியது. கடைசி வரிசைக்காரர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வேர்வையாகவும் இருக்கலாம்.

அதிகாரி எழுந்து நின்றார். "பெருந்தன்மைன்னா இதுதான் சார்! ஜெயிச்ச மனுசன் ஜெயிச்சத அடுத்தவருக்குக் குடுக்கறாரு பாருங்க. ராஜமாணிக்கம் சாருக்கு இன்னொரு தடவ கை தட்டுங்க."

தட்டினார்கள். தேவநாதனும் தட்ட வேண்டியிருந்தது. பாடம் பண்ணின வாக்கியத்துக்கு இனி வேலையில்லை.

ராஜமாணிக்கம் அவர் கையைப் பிடித்து எழுப்பினான்.

"வாங்க மாமா. இங்க நீங்கதான் ஒக்காரணும்."

"வாணாம் மச்சான்."

"ஒக்காருங்க சார்" என்றார் அதிகாரி.

உட்கார்ந்தார். தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றியது. ஆடுவதற்குத் தேவநாதனின் தலையில் முடி கிடையாது. இத்தனை வருஷமும் அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"காத்து வருதா மாமா?" என்றான் ராஜமாணிக்கம், பக்கத்து நாற்காலியிலிருந்து, ரொம்ப அக்கறையாக.

"வருது."

மேலே காற்று வந்தது. கீழே நாற்காலி, மச்சான் உட்கார்ந்திருந்த சூட்டில், இன்னும் வெதுவெதுவென்று இருந்தது.