மூன்றாவது மணி

அனுமந்தன்பட்டி தேவாலயத்தின் துக்க மணி மூன்றாவது முறை அடித்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கிய சகாய பிரவீன் கோல்கீப்பர் கையுறையோடு தாவி அந்தச் சத்தத்தைப் பிடித்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். அன்று வெள்ளிக்கிழமை. பன்னீர் திராட்சை கிலோ இருபத்தெட்டு ரூபாய்.

அடித்தது தேவாலயத்து மணியடிக்கும் கோயில்பிள்ளை வின்சென்ட், ஒருவகையில் பிரவீனுக்குத் தாய்மாமன். மருமகன் இந்தியாவுக்கு ஆடுகிறான் என்று பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் கட்டியவரும் அவர்தான். வாடகைத் திரையில் ஊரே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பிரவீன் கைக்கு வந்த பந்து கடைசி நிமிடத்தில் நழுவி உள்ளே போனது. அதற்காகத்தான், பையன் ஊருக்குள் கால் வைக்கும் நேரம் பார்த்து, செத்தவனுக்கு அடிக்கிற மணியை அடித்தார். ஊர் சிரித்தது. திராட்சைத் தோட்டத்திலிருந்த அவன் அம்மா ரோஸ்லின், யாரு போனாக என்று கேட்டு, உன் மகன்தான் என்று பதில் வாங்கி, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மகனை உயிரோடு பார்த்த பிறகும் அழுகை நிற்கவில்லை. நாற்பது நாள் அழுதாள். நாற்பத்தோராம் நாள் பிரவீன் அவளையும் பையையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினான்.

அதன்பின் மணி ஆடியது, சத்தம் வரவில்லை. நாக்கை மாற்றினார்கள். புது மணி வாங்கித் தொங்கவிட்டார்கள், அதுவும் ஊமையானது. மணி கேட்காமல் கல்லறையில் மண்வெட்டி போடுவதில்லை என்பது ஊர் வழக்கம். ஆகவே எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டிப் புதைத்தார்கள். புதைத்த வீட்டுக்காரர்கள் வின்சென்டோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வளைகுடாவின் சின்ன நாடொன்றில் பிரவீன் கிளப்புக்கு ஆடினான். ஐந்து வருடம் கழித்து அந்நாட்டுக் குடிமகனானான். இந்தியாவுக்கு ஆடியது ஒரே ஒரு நட்பு ஆட்டம் என்பதால், அந்த நாட்டு அணியில் சேர விதி தடுக்கவில்லை. அவன் கையுறையில் பட்ட பந்தெல்லாம் 'ணங்' என்றது. அடித்தவர்களுக்கு ஏனோ பெற்றவர்கள் ஞாபகம் வந்தது. அடுத்த பந்தை வெளியே அடித்தார்கள். பிறகு ஒரு நாள் எதிரே இந்தியா வந்து நின்றது. ஆட்டம் பெனால்டிக்குப் போனது. ஐந்தையும் பிடித்தான். ஐந்து முறையும் அனுமந்தன்பட்டி டி.வி.க்களில் சொந்த ஊர் மணி கேட்டது. கிழவிகள் சிலுவை போட்டு, "நித்திய இளைப்பாற்றியை" என்று இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார்கள். போனில் பதிவு செய்தவர்களுக்குக் காற்றுதான் மிஞ்சியது.

பதினோரு வருடம் கழித்து, வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் விசா குத்திக்கொண்டு பிரவீன் ஊருக்கு வந்தான். ஊரைப் பார்க்க வரவில்லை. மணி ஊமையாக ஆடுவதைக் கண்ணால் பார்க்க வந்தான். வந்த அன்றைக்கே வின்சென்டின் அம்மா மதலேனாள் தொண்ணூற்றொரு வயதில் இறந்துபோனாள். ஐஸ் பெட்டி வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு அடக்கம். கல்லறையில் மண்வெட்டியோடு ஆள் காத்திருந்தான். தாம்பாளம் தட்டக் கூடாது என்று கிழவி சாகும்போது சத்தியம் வாங்கியிருந்தாள்.

அறுபத்தெட்டு வயது வின்சென்ட் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பிரவீன் வீட்டு முன்னால் வந்து நின்றார். ஏலே என்று அதட்டியே பழகியவர், அன்று வாசற்படிகூட ஏறவில்லை.

"எங்க ஆத்தாளுக்கு மட்டும் ஒரு தடவ அந்தச் சத்தத்த விட்ரு மாப்ள. நீ பள்ளிக்கூடம் விட்டு வரயில மடியில திராட்ச கட்டியாந்து குடுத்தவ. ஊரே அங்கன நிக்குது."

பிரவீன் பையைத் திறந்தான். கையுறைக்குள் சத்தம் தேனீயைப் போல முனகிக்கொண்டிருந்தது. வின்சென்ட் அதைக் கேட்டு, அறியாமலே கை கூப்பினார். கேட்டு முடிக்கும்வரை பிரவீன் பொறுத்திருந்தான். பிறகு ஜிப்பை மெல்ல இழுத்து மூடினான்.

"இது எனக்கு அடிச்ச மணி மாமா. நான் செத்த அன்னைக்கு வாங்க, கேப்பீக."